இருபது நிமிடத் தூரத்தில் அப்பா

அப்பா இறந்தபோது நான் ஊருக்குப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கதை ஓடட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. வீட்டுக்கு ஒரே பிள்ளை நான். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் எனக்காக ஒரு முழு நாள் அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் பெரியப்பா பையன் கொள்ளி வைத்தான். அதை நான் சான் ஹோசேயில், ஆபீஸ் மீட்டிங் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து வீடியோ காலில் பார்த்தேன். அங்கே போனைப் பிடித்திருந்தவருக்குக் கை வலித்ததோ என்னவோ, பாதியில் கீழே இறக்கிவிட்டார். அதன் பிறகு நான் பார்த்ததெல்லாம் மண்ணும் சில பேருடைய கால்களும்தான்.

காரணம் இருந்தது. கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கிறவன் நான். அந்தச் சமயம் விசா நீட்டிப்புக்குப் போட்ட மனுவுக்குப் பதில் வரவில்லை. அமெரிக்காவை விட்டு வெளியே போனால் சென்னைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் புது விசா குத்தி, ஸ்டாம்பிங் வாங்கிக்கொண்டுதான் திரும்ப முடியும். அதற்குத் தேதி கிடைக்க எத்தனை மாதமாகும் என்று எந்த ஜோசியனாலும் சொல்ல முடியாது. கம்பெனி வக்கீல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். மாமா, சித்தப்பா எல்லோரும் "பாவம், பையன் என்ன பண்ணுவான்" என்றார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நாலு மாதம் கழித்து அம்மா வந்தாள். எங்கள் மகள் பிறந்தபோது பிரசவம் பார்க்க வந்தவள், அந்த விசா இன்னும் உயிரோடு இருந்தது. என்ன கேட்பாளோ என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் விமான நிலையத்துக்குப் போனேன். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது, "ஏங்கண்ணு இப்படி எளச்சுப் போயிட்ட?" என்பது மட்டும்தான்.

அதற்குப் பிறகும் கேட்கவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம். காலையில் எழுந்து குளித்து, காப்பி குடித்து, ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். அப்பாவைப் பற்றி என்னிடம் பேசவே மாட்டாள். என் மனைவியிடம் பேசுவாள், நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பெத்தவனுக்குக் கொள்ளி வைக்க வராதவன் என்னடா மகன்" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட மாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன். கேட்டால் நான் அழுவேன், அவளும் அழுவாள், அதோடு தீர்ந்துவிடும் என்று ஒரு கணக்கு.

எங்கேயாவது வெளியே கூட்டிப்போகலாம் என்றால், இங்கே நம் ஆட்களுக்கு வார இறுதியில் போக்கிடம் கோயில்தான். அம்மா வர மாட்டேன் என்றாள். வருசம் திரும்பி, தலைத் திவசம் முடிகிற வரைக்கும் கொடிமரம் உள்ள கோயிலின் படியை மிதிக்கக் கூடாது, அது எங்கள் பக்கத்து வழக்கம். "அமெரிக்காவுல அதெல்லாம் யாரு பாக்கறா?" என்றேன். "சாமி பாக்குமில்ல," என்றாள்.

என் மனைவிதான் நூலகத்து அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். சனிக்கிழமை காலையில் அரை நாள் சுற்றுலா. சான் ஹோசேயின் புத்தர் கோயில்களையும் சந்தைகளையும் ஒரு வழிகாட்டி வேனில் கூட்டிப்போய்க் காட்டுவார். இரண்டு சீட் புக் பண்ணிவிட்டு வந்து, "நீங்க ரெண்டு பேர் மட்டும் போங்க. ஆளுக்கொரு செவுத்தப் பாத்து உக்காந்திருக்கறத இன்னும் எத்தன நாளைக்கு நான் பாக்கறது?" என்றாள். அம்மாவிடம், "அத்தை, அது நம்ம கோயில் இல்ல, புத்தர் கோயில். கொடிமரமெல்லாம் கெடையாது," என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்.

வழிகாட்டி அறுபதைத் தாண்டிய வியட்நாமியப் பெண்மணி. ரிட்டயர்டு ஸ்கூல் டீச்சர். சிறு வயதில் படகில் தப்பி வந்த குடும்பமாம். மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, எட்டுப் பேரையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளாகவே நடத்தினார். யாராவது பின்தங்கினால் கைதட்டிக் கூப்பிடுவார். அம்மாவுக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அன்றைக்கு முழுக்க "டீச்சரம்மா"தான்.

முதல் கோயில் ஜப்பானியர்களுடையது. வேனை விட்டு இறங்கியதும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னமோ கொடிமரம் இல்லீன்னு சொன்னா உன்ற பொண்டாட்டி. இது என்ன?" கட்டடத்துக்கு முன்னால் உயரமான கம்பத்தில் அமெரிக்கக் கொடி பறந்துகொண்டிருந்தது. "அது கவர்மெண்ட் கொடிம்மா. ஸ்கூல்ல ஏத்துவாங்கல்ல, அது," என்றேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்தக் கம்பத்தை விட்டுப் பத்தடி தள்ளிச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். டீச்சரம்மா என்ன விஷயம் என்று கேட்டார். எப்படி விளக்குவது? வெயில் என்று சொல்லிவைத்தேன்.

உள்ளே வரிசையாகப் பெஞ்சுகள். "சர்ச்சாட்டம் இருக்குது," என்று கிசுகிசுத்தாள். ஆனால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்கும் மேலாக எந்தச் சாமியையும் பார்க்காத மனுஷி. கூட வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து கிழக்கு சான் ஹோசேயில் வியட்நாமியர் சந்தை. அங்கே காலை வைத்ததும் அம்மாவுக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ! வாழைப்பூ, பாகற்காய், வெற்றிலை, சேப்பங்கிழங்கு, ஒரு மூலையில் கரும்புச் சாறு பிழிகிற மிஷின். முருங்கைக்கீரையைக் கட்டிக் கட்டி அடுக்கியிருந்த கிழவியிடம் போய், "ஏனுங், இத இப்படி வெயில்ல போட்டா வாடிப் போயிருமுங்க, ஈரத்துணி போட்டு மூடுங்க," என்று சுத்தத் தமிழில் சொன்னாள். அந்தக் கிழவி வியட்நாமிய மொழியில் ஏதோ பதில் சொன்னாள். இவள் அதற்கும் ஒன்று சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு துணியை நனைத்துக் கீரையை மூடினார்கள். பிறகு சிரித்துக்கொண்டார்கள். அம்மா சிரித்து நான் பார்த்தது, வந்த பிறகு அதுதான் முதல் தடவை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும், மத்தியானம் வீட்டுக்குப் போய் முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிடலாம் என்று சந்தோஷமாகவே இருந்தேன்.

கடைசியாகப் பார்த்தது பக்கத்திலேயே இருந்த வியட்நாமியர் கோயில். முற்றத்தில் ஆளுயரத்துக்கு வெள்ளைச் சிலை, பெரிய கூடம், சந்தன நிறத்தில் புத்தர். அம்மா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தாள். டீச்சரம்மா மற்றவர்களுக்கு மணியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் திறந்திருந்த ஓர் அறைக்குள் போய்விட்டோம்.

மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து மேல்வரை சின்னச் சின்னப் போட்டோக்கள். எல்லாம் முகம் மட்டும். நடுவில் ஒரு மேசை, அதில் பழம், சின்னக் கிண்ணங்களில் டீ, பெரிய பித்தளைச் சட்டி நிறைய ஊதுபத்திச் சாம்பல். "இதெல்லாம் யாரு கண்ணு?" என்று அம்மா கேட்டாள். எனக்கு எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "இந்த மடத்துல இருந்த சாமியாருங்க போலிருக்கு. குருமார்கள்," என்றேன். குரு என்றதும் அம்மா கும்பிட்டாள். கிண்ணம் நிறையச் சாம்பலைக் கண்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? மூன்று விரலால் அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டாள். எனக்கும் பூசிவிட்டாள். துளி எடுத்து என் வாயிலும் போட்டாள், சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் போடுவாளே, அதேபோல.

"ஓ, நோ," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. டீச்சரம்மா. கோபமில்லை, பதறிப்போய்விட்டார். அம்மாவின் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டு எனக்கு விஷயத்தைச் சொன்னார். இந்தப் படங்களில் இருப்பவர்கள் சாமியார்கள் இல்லை. இறந்துபோனவர்கள். அவரவர் குடும்பத்தார் கொண்டுவந்து வைத்தவை. வாராவாரம் இவர்களுக்காக இங்கே மந்திரம் ஓதுவார்கள். பாதிப் பேர் வியட்நாமில் இறந்தவர்கள், பிள்ளைகளால் அப்போது திரும்பிப் போக முடியவில்லை. போயிருந்தால் உயிரோடு வந்திருக்க மாட்டார்கள். "என் அம்மாவைப் பெற்றவர்கள் அதோ," என்று மூன்றாவது வரிசையில் காட்டினார். "அவர்கள் செத்தது எங்களுக்கு ஒரு வருடம் கழித்துக் கடிதத்தில் தெரிந்தது. அம்மா கடைசி வரை வாரம் தவறாமல் இங்கே வருவாள்."

இதையெல்லாம் நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. பாதியை முழுங்கிவிடலாம் என்றுதான் பார்த்தேன். அவள் விடவில்லை. "முழுசா சொல்லு," என்றாள். சொன்னேன். நெற்றியிலிருந்த சாம்பலை அவள் துடைக்கவில்லை. சுவரை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ஒரு பள்ளிக்கூடப் பெண், ஒரு பட்டாளத்துக்காரர், பல்லில்லாமல் சிரிக்கிற ஒரு கிழவர். ஒவ்வொரு முகமாக நின்று பார்த்தாள். நெடுநேரம் ஆயிற்று. மற்றவர்கள் வேனுக்குப் போய்விட்டார்கள்.

"நம்மளாட்டம் ஆளுங்களுக்கும் வெக்க உடுவாங்களான்னு டீச்சரம்மாவக் கேளு," என்றாள்.

கேட்டேன். டீச்சரம்மா போய், சாம்பல் நிற அங்கி போட்ட ஒரு துறவியம்மாவைக் கூப்பிட்டுவந்தார். அந்த அம்மா எங்கள் மதம் என்ன, ஊர் என்ன என்று எதுவும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கவரை எடுத்தாள். உள்ளே சதுரமாக, வெள்ளைப் பின்னணியில் அப்பாவின் படம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது அமெரிக்க விசாவுக்கான அளவு. கண்ணாடி போடக் கூடாது என்று ஸ்டூடியோவில் சொல்லியிருப்பார்கள். கண்ணாடி இல்லாமல் அப்பா எதையோ தேடுகிறவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்ப எடுத்ததும்மா?"

"போன தையில ஈரோட்டுல எடுத்தது. பையனால வர முடியலீன்னா என்ன, நாம போய்ட்டு வரலாம்னாரு. தோட்டத்தக் குத்தகைக்கு உட்டுட்டு வரேன்னாரு. உனக்குச் சொல்ல வேண்டாம், விசா கெடச்சப்புறம் சொல்லிக்கலாம்னு சொல்லிட்டாரு."

துறவியம்மா ஒரு சீட்டை நீட்டினார். பெயர், இறந்த தேதி. நான் எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது, எண்கள் தெரியும்.

"இதென்ன தேதி போட்டிருக்கற?"

எனக்கு அந்தச் செய்தி வந்தது இங்கே ஒரு சாயங்காலம். ஊரில் அப்போது மறுநாள் விடிந்துகொண்டிருந்தது. நான் என் தேதியை எழுதியிருந்தேன். "அது உனக்குப் போன் வந்த தேதி. அவரு போனது மறுநாளு," என்றாள். அடித்துவிட்டுத் திருத்தினேன். அப்பாவின் தேதிகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஏம்மா, இத ஊர்லயே வெச்சுக் கும்பிடலாமல்ல? இங்க எதுக்கு?"

அம்மா படத்தை முந்தானையால் துடைத்துத் துறவியம்மாவிடம் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"ஊருல நான் பாத்துக்கறேன். நாப்பத்தி மூணு வருசம் பாத்தாச்சு, ஐஸ் பொட்டியிலயும் பாத்தாச்சு. நீதான் பாக்கல. இங்க இருந்தா உனக்கு விசா வேண்டாமில்ல? கார்ல இருவது நிமிசம்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று சொல்கிற அதே குரல். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெளியே வந்தேன். பார்க்கிங் லாட்டுக்கு வந்ததும் எனக்குக் கட்டுப்பாடு விட்டுப்போய்விட்டது. வேனில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூடத் தோன்றவில்லை. கத்தினேன். "நான் என்ன வேணும்னாம்மா வராம இருந்தேன்? இங்க வேல போச்சுன்னா ரெண்டு மாசத்துல மூட்டையக் கட்டணும், தெரியுமா? புள்ள படிப்பு என்னாகறது? வீட்டு லோன் என்னாகறது? வக்கீல் போகாதேன்னு சொன்னாரும்மா! கேக்கறதுன்னா நேரா கேளு. ஏன் வரலன்னு கேட்டுத் தொலையேன். மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு எதுக்கு இப்படிக் கொல்ற?"

அம்மா பயந்துபோனாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நான் ஒன்னுமே கேக்கலியே கண்ணு. சத்தியமா நான் ஒன்னுமே கேக்கலியே," என்றாள். டீச்சரம்மா இறங்கி வந்தார். அவருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்து வேனில் ஏற்றிவிட்டு, எனக்கு ஒரு டிஷ்யூவைக் கொடுத்து நெற்றியைக் காட்டினார். வீட்டுக்கு வந்து, சந்தையில் வாங்கிய கீரையை அம்மா ஆய்ந்தாள், நானும் கூட உட்கார்ந்து ஆய்ந்தேன்.

ஆறு மாதம் முடிந்து அவள் ஊருக்குப் போய்விட்டாள். தலைத் திவசத்துக்குத் தான் அங்கே இருக்க வேண்டும் என்றாள். திவசத்துக்கும் நான் போகவில்லை. மனுவுக்குச் சாதகமாகவே பதில் வந்திருந்தது, ஆனாலும் ஸ்டாம்பிங் பாக்கி இருக்கிறதே என்றேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.

இனி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். வக்கீல் போகாதே என்று சொல்லவில்லை. "ரிஸ்க் இருக்கிறது, ஆனால் அப்பா விஷயம், முடிவு உங்களுடையது" என்றுதான் எழுதியிருந்தார். அந்த மெயிலை நான் யாருக்கும் காட்டவில்லை, மனைவிக்கும் காட்டவில்லை. எங்கள் டீமிலேயே ஒருவன், என் நிலைமைதான் அவனுக்கும், அம்மாவுக்கு முடியவில்லை என்று கிளம்பிப் போனான். சென்னையில் மாட்டிக்கொண்டு திண்டாடி, மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்தான். வேலை போகவில்லை. போயிருந்தாலும் போயிருக்கும்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனை நாள் நான் விசாவைக் கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அந்தக் கோயிலுக்கும் நான் போகவில்லை. ஒரு தடவைகூட. சனிக்கிழமையானால் மகளின் நீச்சல் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமையானால் யார் வீட்டிலாவது பிறந்தநாள். ஒரு நாள் கிளம்பி ஃப்ரீவேயில் அந்த எக்ஸிட் வரைக்கும் டிரைவ் பண்ணிப் போனேன். இண்டிகேட்டர்கூடப் போட்டேன். இறங்காமல் நேராகப் போய், அடுத்த எக்ஸிட்டில் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். கண்ணாடி இல்லாத அந்த முகத்துக்கு முன்னால் போய் நிற்க எனக்குப் பயம். பெற்ற அப்பாவிடம் என்ன பயம் என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நான் போன் பண்ணுவேன், அங்கே ஞாயிறு காலையாக இருக்கும். அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்பாள், "போனியா கண்ணு?" போனேன் என்பேன். போன வாரமும் கேட்டாள்.

"இன்னிக்குக் காலைலதான் போயிட்டு வந்தேம்மா."

"படம் மங்கிப் போகாம இருக்குதா?"

"நல்லா இருக்குதும்மா."

"முன்னால என்ன வெச்சிருந்தாங்க?"

"பூ வெச்சிருந்தாங்க."

"என்ன பூ?"

"செவ்வந்தி," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், ஆகவில்லை.

"சரி கண்ணு," என்றாள் அம்மா. "வேல தீந்ததும் ஒரு நாளைக்கு உங்கப்பாவப் போய்ப் பாத்துட்டு வா."